வழியின் உரிமை

பெற்றோருக்கு உரிமை உண்டு. அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு. நாம் ஏறிச் செல்லும் வாயில்லாப் பிராணிக்கும் உரிமை உண்டு. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் மக்தபில் ஓதும் பருவத்திலேயே கற்றுவிடுகின்றனர். ஆனால், மண்ணும் கல்லுமாய்க் கிடக்கின்ற பாதைக்கும் ஓர் உரிமை உண்டென்று இஸ்லாம் கூறியிருப்பதை நம்மில் பலர் ஊன்றி நோக்குவதில்லை.

பாதைகளில் அமர்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். கூடியிருந்து உரையாடத் தங்களுக்கு வேறு இடம் இல்லையே எனத் தோழர்கள் முறையிட்டனர். அங்ஙனமாயின் பாதைக்குரிய ‘ஹக்கை’க் கொடுத்துவிட்டு அமருங்கள் என்னும் கருத்தில் நபியவர்கள் விடை பகர்ந்தார்கள். அந்த ஹக்கு யாது என்று வினவப்பட்டபோது, பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையை விலக்குதல் என விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதில் இரண்டு படிப்பினைகள் அடங்கியுள்ளன. தேவையுடையோர் பாதையோரத்திலிருந்து விரட்டப்படவில்லை என்பது ஒன்று. அவர்களுடைய தேவை, கடந்து செல்வோரின் உரிமையை விழுங்கிவிடவும் அனுமதிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. அமர்ந்திருப்பவனுக்கும் கடந்து செல்பவனுக்கும் இடையே நீதி செலுத்துவதே வழியின் உரிமையைக் காப்பதாகும்.

இந்த நபிமொழியைச் சென்னை மாநகரின் சாந்தோம் பகுதியை மனத்திற் கொண்டு சிந்திப்பது பொருத்தமாகும். கிழக்கே வங்கக் கடல். கடலோரத்தில் நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள். நடுவே போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து பெயர் விளங்கும் மாதா கோயில். மேற்கே மயிலாப்பூருக்குள் செல்லும் கச்சேரி சாலை. அச்சாலையில் நம் ஜும்ஆ பள்ளிவாசல். வடக்கே கலங்கரை விளக்கம். இக் கலங்கரை விளக்கத்தருகிலிருந்துதான் கச்சேரி சாலை, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லி வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ தொடர்வண்டித் தடம் வகுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் இங்கே நிலத்தடியில் சுரங்கம் தோண்டும் பொறிகள் இறக்கப்பட்டன. அன்று தொட்டுச் சாலைகள் அடைபடுவதும், போக்குவரத்து திருப்பிவிடப்படுவதும், கடைக்காரர் வியாபாரம் குன்றி வருந்துவதும் இப்பகுதி மக்கள் கண்ட காட்சிகளாம்.

இத்தகைய பணி நடைபெறும்போது ஓர் அறவியல் வினா எழாமலிருக்க முடியாது. பலருடைய நன்மைக்காகச் சிலர் துன்பம் சுமக்கலாமா? சுமக்கலாம் எனின், எந்த எல்லை வரை? அந்தச் சிலர் யாராக இருக்க வேண்டும்?

நகரும் வண்டியும்

சென்னைக்குப் பொதுப் போக்குவரத்து புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. 1895-இல் இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது; 1953-இல் அது நிறுத்தப்பட்டது. கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் 1931-இல் வந்தது. அதன்பின் நகரம் பல மடங்கு பெருகிற்று; ஆயினும் புதிய தடம் ஒன்று திறக்கப்படுவதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை திறக்கப்பட்ட பறக்கும் இரயில், 1997-இல் திருமயிலைக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்டது. மெட்ரோ இரயில் 2015-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி, 2021-இல் 54 கிலோமீட்டராக வளர்ந்தது. இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு மூன்று தடங்கள் திட்டமிடப்பட்டு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான அத்திட்டத்திற்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது.

இத்துணைப் பொருட்செலவும் துன்பமும் தேவைதானா என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நபிமொழியிலேயே விடை உள்ளது. பாதையில் அமர்ந்திருப்பவன் யார்? கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்கும் மூதாட்டி மட்டுமா? தனி ஒருவர் ஏறிச் செல்லும் கார், பத்துப் பதினைந்து பேர் நிற்கக்கூடிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. வேலைக்குச் சென்றபின் அது நாள் முழுவதும் தெருவோரத்தில் நிறுத்தப்பட்டுக் கிடக்கிறது. நான்கு பெட்டிகளைக் கொண்ட மெட்ரோ வண்டி ஒன்றில் 1,276 பேர் செல்லலாம் என்பது கணக்கு. அத்தனை பேரும் தனித்தனிக் காரில் புறப்பட்டால் மயிலாப்பூரின் தெருக்கள் கொள்ளுமா, தியாகராய நகரின் தெருக்கள்தாம் கொள்ளுமா? ஆகவே, தேவையின்றித் தனி வாகனத்தால் தெருவை அடைப்பவனும் பாதையில் அமர்ந்தவனேயாவான். அதுவும், அதன் ஹக்கைக் கொடாமல் அமர்ந்தவன். பலர் ஒன்றாகச் செல்லும் வண்டி, குறைந்த இடத்தில் நிறைந்த மக்களை ஏற்றி, வழியின் உரிமையை மீட்டுத் தருகின்றது.

பயணியைப் பேணுவது நம் மார்க்கத்தில் இரண்டாந்தரக் கடமையன்று. ஜகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ‘இப்னுஸ் ஸபீல்’ என்னும் வழிப்போக்கரும் ஒருவராகத் திருமறையில் எண்ணப்பட்டுள்ளார். மனிதன் மறைந்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் அறங்களின் வரிசையில், வழிப்போக்கருக்காகக் கட்டிய இல்லமும் மக்களுக்காக ஓடவிட்ட நீரோடையும் ஹதீஸில் இடம்பெற்றுள்ளன. இராக்கில் ஒரு கால்நடை இடறி விழுந்தாலும், அதற்கு ஏன் பாதையைச் சமப்படுத்தவில்லை என்று தாம் கேட்கப்படுவோமோ எனக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சினார்கள் என்பர். ஆட்சியாளர் தலைமேல் இருக்கும் இந்தப் பொறுப்பை மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் பொருத்திப் பார்ப்பதில் பிழையில்லை.

முஸ்லிம் உலகின் அண்மைக்கால வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. திமிஷ்கிலிருந்து புனித மதீனா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஹிஜாஸ் இரயில்வே, இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் 1900-இல் தொடங்கப்பெற்று 1908-இல் மதீனாவை எட்டியது. இந்தியா உள்ளிட்ட பல நாட்டு முஸ்லிம்களின் நன்கொடை அதற்குத் துணைநின்றது. ஒட்டகப் பயணத்தில் பல வாரங்கள் வாடிய ஹாஜிகளுக்கு அது சில நாள் பயணமாயிற்று. முதல் உலகப் போரில் அத்தடம் சிதைந்தது வேறு கதை. தாம் ஒருபோதும் ஏறப்போகாத வண்டிக்குத் தம் கையிருப்பிலிருந்து பணம் அனுப்பிய எளியோர் இருந்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. இன்று மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் ஹரமைன் விரைவு இரயில் 2018 முதல் ஓடுகின்றது.

இத்தகைய பணிக்குச் செல்வத்தையும் உழைப்பையும் விரும்பிக் கொடுப்பது வேறு. விரும்பாதவரிடமிருந்து வீட்டையும் தொழிலையும் எடுப்பது வேறு. சிக்கல் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

கால்வாய் சொல்லும் செய்தி

பறக்கும் இரயிலின் தூண்கள் எங்கே நிற்கின்றன? அவற்றுட் பல பக்கிங்காம் கால்வாயின் படுகையில் நிற்கின்றன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அக்கால்வாய்ப் பகுதி 1877, 1878-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டதாகும். பசித்தவர்கள் கூலிக்காக மண் சுமந்து வெட்டிய வழி அது. அதில் ஒரு காலத்தில் படகுகள் சென்றன. பின்னர்ப் படகு ஓய்ந்தது; நீர் கெட்டது; வேறிடம் கிடைக்காத ஏழைகள் அதன் கரையில் குடிசை போட்டனர். இறுதியில் வழியின் மேல் வழியாக இரயில் வந்தது, கால்வாய் குறுகியது.

இரயில், சாலை விரிவு, கால்வாய்ச் சீரமைப்பு எனப் பற்பல காரணங்களின்பேரில், கடந்த கால் நூற்றாண்டில் சென்னையின் நீர்க்கரை மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வீடு கொடுக்கப்பட்டது, மறுப்பதற்கில்லை. எனினும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பாத்திரம் துலக்கியும் சமையல் செய்தும் பிழைத்த பெண்ணுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வர இருபது கிலோமீட்டருக்கும் மேல் வழியாயிற்று. முன்பு நடந்தே வேலைக்குச் சென்றவள், விடியுமுன் பேருந்துக்காகக் காத்து நிற்கலானாள். பயணத்தை எளிதாக்கும் பணிகளுக்காக ஒருத்தியின் பயணம் நீட்டப்பட்டது. இதனைக் கணக்கிற் கொள்ளாத எந்தத் திட்டமும் முழு நன்மையென்று சொல்லத் தகாது.

சாந்தோமுக்கு மிக அணித்தே மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. நொச்சிக்குப்பத்தையொட்டிக் கடலோரமாகச் செல்லும் இணைப்புச் சாலையில் மீனவர்கள் மீன் விற்று வந்தனர். மெட்ரோ பணிகளால் நெருக்கடி மிகுந்த வேளையில், 2023 ஏப்ரலில் அக்கடைகள் அகற்றப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அச்சாலையின் ஆக்கிரமிப்பைக் குறித்து விசாரித்ததும் அப்போதுதான். சாலை வருவதற்கு முன்பே கரையில் வலை உலர்த்தியவர்கள் தாங்கள் என்பது மீனவர் வாதம். பொதுச்சாலை பொதுவானவர்க்கே உரியது என்பது எதிர்வாதம். மக்களின் போராட்டத்திற்குப் பின் 2024-இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. முதலில் அகற்றிவிட்டுப் பின்னர் இடம் கொடுப்பதற்கும், முதலில் இடம் கொடுத்துப் பின்னர் அகற்றுவதற்கும் உள்ள வேறுபாடு கோப்பில் சில மாதங்கள்தாம். அன்றாடம் விற்று அன்றாடம் உண்ணும் குடும்பத்திலோ அது அடுப்பு எரிவதும் எரியாததுமாகும்.

அகன்ற பொதுவழியில் பிறருக்கு இடையூறின்றி அமர்ந்து வாணிகம் செய்வதை நம் ஃபுகஹாக்கள் பொதுவாக அனுமதித்துள்ளனர். ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள் ஆட்சிமுறை பற்றிய தம் நூலில், வழிகளிலும் அங்காடிகளிலும் மக்கள் அமர்ந்து பயன்பெறுவதைத் தனிப்பொருளாகவே ஆராய்ந்துள்ளார்கள். பட்டா இல்லாதவனுக்குச் சொத்துரிமை இல்லை என்று சட்டம் கூறலாம். ஆனால் அவனுக்கு எவ்வகை உரிமையுமே இல்லை என்று அறம் கூறாது.

உமர் (ரலி) அவர்களின் இரு தீர்வுகள்

ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்க முனைந்தபோது, அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. விலைக்குத் தரலாம், வேறிடத்தில் வீடு பெற்றுக்கொள்ளலாம், அல்லது அறமாக வழங்கலாம் என மூன்று வழிகளைக் கலீஃபா முன்வைத்தார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் எதற்கும் இசையவில்லை. இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றனர். நடுவரின் தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உமர் (ரலி) அவர்கள் அதற்குத் தலைவணங்கினார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர், அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டை விலையேதும் பெறாமல் பள்ளிக்கு வழங்கிவிட்டார்கள்.

மக்காவிலோ நிகழ்ந்தது வேறு. கஅபாவை நெருக்கிக்கொண்டு வீடுகள் எழும்பியிருந்தன. உமர் (ரலி) அவர்கள் அவற்றை விலைக்கு வாங்கினார்கள். விற்க மறுத்தோரின் வீடுகளை இடித்துவிட்டு, அவர்கள் வந்து பெறும் வரை விலையைக் காப்பில் வைத்தார்கள். நீங்கள்தாம் கஅபாவின் முற்றத்தில் வந்து தங்கினீர்களேயன்றி, கஅபா உங்களிடம் வந்து தங்கவில்லை என்பது அவர்கள் கூறிய நியாயத்தின் சாரம்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். எளியேன் உணர்ந்தவரை முரண்பாடில்லை. பொதுவிடம் முந்தியது, தனி வீடு பிந்தியது என்னுமிடத்தில் பொது நலன் வென்றது. தனியுரிமை ஐயமற விளங்கிய இடத்தில் ஆட்சியாளரே நடுவர் முன் நின்றார். ஆயின், விலையின்றி எவருடைய வீடும் பறிக்கப்படவில்லை. கொள்பவரே நீதிபதியாகவும் அமரவில்லை. இந்த இரண்டும் இரு ஊர்களுக்கும் பொது.

பிற்காலத்து உதுமானியச் சட்டத் தொகுப்பாகிய ‘மஜல்லா’வின் தொடக்கத்தில் ஃபிக்ஹின் பொதுவிதிகள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 25-ஆம் விதி, ஒரு தீங்கை அதனையொத்த வேறொரு தீங்கால் நீக்கலாகாது என்னும் கருத்துடையது. அடுத்துள்ள 26-ஆம் விதியோ, பொதுத் தீங்கைத் தடுப்பதற்காகத் தனியொருவருக்கு நேரும் தீங்கு பொறுக்கப்படும் என்னும் கருத்துடையது. இவ்விரு விதிகளும் அடுத்தடுத்து நிற்பதிலே ஒரு பாடம் உண்டு. 26-ஐ மட்டும் ஓதுபவன், யாரையும் எங்கும் நகர்த்தலாம் என்பான். 25-ஐ மட்டும் ஓதுபவன், எந்தப் பாதையையும் எக்காலத்தும் அமைக்கவொட்டான். தெருவில் நெருக்கடி என்பது பொதுத் தீங்கு. அதை நீக்கத் தனியொருவர் பொறுக்கலாம். ஆனால் பொறுப்பவர் பட்ட தீங்கு ஈடுசெய்யப்படாமல் நின்றுவிடுமாயின், நாம் தீங்கை நீக்கவில்லை. ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு மாற்றியிருக்கிறோம்.

ஈடு செய்வதில் தாமதமும் ஒரு கேடே. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் இரயிலை நீட்டும் பணி வெறும் 5 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்திற்கான இழப்பீட்டு வழக்குகளால், பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தூண்கள் பாதியில் நின்றன. நிலத்துக்குரியோர் உரிய விலை கேட்டதைக் குறை கூறலாகாது. அப்பாஸ் (ரலி) அவர்களும் நடுவரிடம் சென்றவர்களே. ஆனால், மதீனாவில் நடுவரின் தீர்ப்புக்காகப் பத்தாண்டு காத்திருக்கவில்லை. விரைவான நீதி இருந்தால் உரிமையும் காக்கப்படும், வழியும் அமையும். நீதி தாமதித்தால் இரண்டும் கெடும். இங்கே நீதிமன்றத்துக்குச் செல்ல வசதியுள்ள நிலவுடைமையாளர் அரைக் கிலோமீட்டரைப் பத்தாண்டு நிறுத்த முடிந்தது. கால்வாய்க் கரையின் குடிசைவாசியால் ஒரு பகற்பொழுதுகூட நிறுத்த முடியவில்லை என்பதையும் நாம் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுதான். பலருடைய நன்மைக்காகச் சிலரைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகளுடன். முதலாவது, அவர்களுடைய இழப்பை அவர்களல்லாத நடுவரும், எடுத்துக்கொள்வோரல்லாத நடுவரும் மதிப்பிட வேண்டும். இரண்டாவது, ஈடு முன்னே வரவேண்டும். அகற்றுதல் பின்னே வரவேண்டும். மூன்றாவது, புதிய வழியின் பயன் முதலில் அவர்களையே சென்றடைய வேண்டும். பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவளுக்கு நல்ல பேருந்தும் தொடர்வண்டியும் தருவது தயவன்று. அவளிடம் நாம் பட்ட கடன்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதனை இலவசமென்று இகழ்ந்து பேசுவோர் உளர். வழியின் உரிமையை அறிந்தோர் அவ்வாறு பேசார். அதே ஆண்டில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பேருந்து, மின்சார இரயில், மெட்ரோ மூன்றிலும் ஒரே சீட்டில் செல்லும் ஏற்பாடு 2025-இல் வந்தது. இவை நற்றொடக்கங்கள். பறக்கும் இரயில் நிலையங்கள் பெரிதாகக் கட்டப்பட்டும், பேருந்துத் தொடர்பின்றியும் வெளிச்சமின்றியும் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஏழை ஏறமுடியாத வண்டியும், பெண் அஞ்சாமல் நிற்கமுடியாத நிலையமும் வழியின் ஹக்கைக் கொடுத்தனவாகா.

நம் பங்கு

இவையெல்லாம் அரசினர் செய்யவேண்டியவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் பள்ளிவாசல்களின் முன்னுள்ள தெருக்களை நோக்குங்கள். பத்து நிமிட நடைத்தொலைவில் இருப்பவர்கூட வண்டியில் வந்து, அதனைத் தெருவின் பாதி வரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுகின்றனர். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபியவர்கள் கற்பித்திருக்க, தொழுகைக்கு வந்தவரே தொல்லையை வைத்துவிட்டுச் செல்வது எவ்வாறு பொருந்தும்? நோயாளி ஒருவரை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் அத்தெருவில் நின்றுபோனால், அதற்குக் கணக்குக் கேட்கப்படமாட்டோமா? பள்ளிவாசல் நிர்வாகிகள் இதனைக் குத்பாவில் எடுத்துரைக்கலாம். இளைஞர்கள் இருவரை வாயிலில் நிறுத்தி ஒழுங்கு செய்யலாம்.

மகன் கல்லூரி சென்றவுடன் ஒரு வண்டி, மகளுக்குத் திருமணம் என்றவுடன் மாப்பிள்ளைக்கு ஒரு கார் என்னும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. வசதி தேடுவது ஹராமன்று. எனினும் ஒவ்வொரு வீடும் இவ்வாறே எண்ணினால் எத்தனை சுரங்கம் தோண்டினாலும் தெரு விடுபடாது. பேருந்திலும் இரயிலிலும் செல்வது வசதியற்றோரின் தலைவிதி என்னும் எண்ணத்தை நம் பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து அகற்றுவது பெற்றோர் கடமையாகும். ஒரே பெட்டியில் முதலாளியும் கூலியாளும் தோள் உரசி நிற்பது, ஒரே ஸஃப்பில் நிற்கப் பழகிய நமக்கு இழிவாகத் தோன்றலாமா?

கையில் ஈச்சங்கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு கூறிய நபியின் உம்மத் நாம். கச்சேரி சாலையில் புழுதியை விழுங்கிய முதியவர் ஒருவர், கீழே வண்டி ஓடும் நாளைக் காணாமற் போகலாம். அவர் பொறுத்த பொறுமைக்கு இறைவனிடம் கூலி உண்டு. ஆனால் அப்பொறுமையை அவரிடம் கேட்கும் உரிமை, அவருக்குரியதைக் குறைவின்றிக் கொடுக்கும் சமுதாயத்திற்கு மட்டுமே உண்டு. வழியில் செல்வோருக்கும் வழியோரத்தில் வாழ்வோருக்கும் நீதி வழங்கும் மனப்பாங்கை வல்ல அல்லாஹ் ஆள்வோருக்கும் நமக்கும் அருள்வானாக!